குடித்தது

மூன்றாவது ஆட்டத்தின் நடுவில்
ஆர்விட்டின் பந்து வளைய மறுத்தது.
வலது வாய்க்கால் விளிம்புவரை போய்
கடைசி நொடியில் மனம் மாறித் திரும்புகிற பந்து,
அன்று நேரே போய் நடுநெற்றியில் இடித்தது.
ஏழும் பத்தும் ஆளுக்கொரு மூலையில் நின்றன,
வேலித் தகராறில் பேச்சை நிறுத்திய
அண்டைவீட்டார் மாதிரி.

வெளியே டுலூத் முழுக்கப் பனி.
ஏரியிலிருந்து வரும் காற்று
கதவு திறக்கும்போதெல்லாம்
ஸ்கோர் தாளைப் புரட்டிவிட்டுப் போகிறது.

பந்துக்குத் துளை போடும் வெர்னா
கட்டைவிரலால் ஒருமுறை வழித்துப் பார்த்தாள்.
"எண்ணெய் குடித்திருக்கிறது.
ரெசின் தோல் அப்படித்தான்,
தடத்தில் பூசியதை உருளும்போதெல்லாம்
கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும்.
எவ்வளவு நாளாய்க் குடிக்கிறது?"

நான் என் ஷூ நாடாவைப் பார்த்தேன்.
"பந்தைத்தானே கேட்கிறாய்?" என்றான் ஆர்விட்.
வெர்னா சிரிக்கவா வேண்டாமா என்று
என்னைப் பார்த்தாள்.

அலமாரியில் பதினோரு குப்பிகள்.
நீலக் குப்பி பளபளப்பு மட்டும் தரும்,
அழுக்கின்மேல் பவுடர் போட்ட மாதிரி.
பச்சையை ஆட்டத்தின் நடுவிலும் தொடலாம்,
ஊதாவைத் தொட்டால் லீக்கில் புள்ளி போகும்.
மற்றதெல்லாம் எனக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன.

குப்பியில் நான் ஏற்கெனவே சூடு கண்டவள்.
போன குளிர்காலம்
நான் வேலை செய்யும் நகக் கடையிலிருந்து
அசிட்டோன் கொஞ்சம் எடுத்து வந்தேன், காசா பணமா என்று.
மஞ்சள் பந்தின் தோல் இளகி
என் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டது.
காய்ந்த பிறகும் திருப்பித் தரவில்லை.
குற்றம் செய்த இடத்தில்
கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தவள் நான்.

"இவ்வளவு செலவு எதற்கு?" என்றாள் வெர்னா.
"மருந்துக் கடையில் தேய்க்கிற ஆல்கஹால் இருக்கிறதே.
பாதிப் பேர் அதைத்தான்."

நானூற்றுப் பதினொரு நாளாய்
அந்தச் சொல்லுக்கு எங்கள் வீட்டில் இடமில்லை.
எண்ணுவது அவனல்ல, நான்.
வாய் கொப்பளிக்கும் மருந்துக்குக்கூட
லேபிளில் விரல் வைத்துப் படிக்கிறேன்.
கேக்குக்கு வைத்திருந்த வனிலா எசன்ஸ்
என் தங்கை வீட்டில் இருக்கிறது.
பத்தடி தள்ளி பார் இருக்கும் கூடத்துக்கு
வியாழன்தோறும் அவனை நானே ஓட்டி வருகிறேன்,
அது வேறு கணக்கு.

"ஆரஞ்சுத் தோல் எண்ணெய் போட்டது கொடு" என்றேன்.
பதினான்கு டாலர்.
வாசனைக்காக என்று ஒரு பொய்.

"சூடு ஆறுவதற்குள் துடை" என்றாள் வெர்னா.
"ஆறிவிட்டால்
உள்ளே போனது உள்ளேயே தங்கிவிடும்."

ஆர்விட் பந்தை மடியில் வைத்துக்கொண்டான்.
மூன்று கண்ணும் கூரையைப் பார்த்தன.
சட்டைப் பையிலிருந்து கண்ணாடி எடுத்து
குப்பியின் முதுகைப் படித்தான்.
அவன் எதையும் முழுக்கப் படிக்கிறவன் இல்லை.
பிறகு என் பக்கம் திருப்பி
நகத்தால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான்.
இரண்டாவது வரியில் இருந்தது.
சின்ன எழுத்தில்,
வேறு பெயரில், அதே ஆள்.

நான் குப்பியைப் பிடுங்கக் கை நீட்டினேன்.
"மார்லிஸ்," என்றான், "இது பந்துக்கு."

அடித்தான்.
முதலில் ஆரஞ்சு வந்தது.
அதன் அடியில் குளிர்ச்சியாய் இன்னொன்று.
நான் அவன் மூக்கைப் பார்த்தேன்.
அவன் துணியைப் பார்த்தான்,
வெள்ளைத் துணி
சாம்பலாகி, கறுப்பாகி,
மடித்துத் திருப்பிய பக்கமும் கறுப்பாகி.
"பார், எவ்வளவு" என்றான்.
பெருமையா, பயமா, தெரியவில்லை.

பக்கத்துத் தடத்தில் யாருக்கோ ஸ்ட்ரைக்,
கூடமே கத்தியது.
அவன் தலை தூக்கவில்லை.
பெருவிரல் துளைக்குள் துணியின் நுனியை விட்டு
மெதுவாகத் திருகிக்கொண்டிருந்தான்.

அடுத்த வியாழன் பந்து வளைந்தது,
கொஞ்சம் தாமதமாக.
பத்தாம் நம்பர் மட்டும் நின்றது.
அதற்கு நான் என் மஞ்சள் பந்தைக் கொடுத்தேன்,
ரேகை இருக்கும் பக்கம்
அவன் உள்ளங்கைக்கு வரும்படி.